ஜோஷ் கிப்சன் கல்லறை: பிட்ஸ்பர்க்கில் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. நிறத்தைக் காரணம் காட்டி அமெரிக்காவின் பெரிய லீக்குகளுக்கு (மேஜர் லீக்) வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பின பேஸ்பால் வீரர்களைப் பற்றித் தமிழில் ஒரு தொடர் எழுதுகிறேன். முதல் கட்டுரை ஜோஷ் கிப்சன். அதிலேயே பத்து நாளாக நிற்கிறேன்.

ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற கறுப்பின அணியின் கேட்சர் (பந்தை அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பிடிப்பவர்). 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். மூன்றே மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, நிறத் தடையை உடைத்து, ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் பெரிய லீக்கில் கால் வைத்தார். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. 1972-ல் கிப்சனைச் சிறந்த பேஸ்பால் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அப்போதும் அவர் புதைந்த இடத்தில் பெயர் பொறித்த கல் இல்லை. 1975-ல்தான் வைத்தார்கள். 2024-ல் கறுப்பின லீக்குகளின் கணக்கையும் சேர்த்தபோது, .372 பேட்டிங் சராசரியோடு, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் என்ற வீரரை முந்தி முதலிடத்துக்கு வந்துவிட்டார்.

அவர் புதைந்த அல்லெகேனி கல்லறைத் தோட்டம் பிட்ஸ்பர்க் நகருக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள், கல்லில் உள்ள எழுத்து தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துத் தர முடியுமா? படம் எடுத்தவர் பெயரைக் கட்டுரையில் போடுகிறேன்.

இன்னொன்று: 'நீக்ரோ லீக்' என்ற அன்றைய பெயரை அப்படியே எழுதலாமா, 'கறுப்பின லீக்' என்று மாற்றலாமா? மொழிபெயர்ப்பில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.