ஓஎஸ் இமேஜிங்: ‘நிறுவல்’ என்றால் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பல கணினிகளுக்கு மொத்தமாக ஓஎஸ் போடுவது பற்றிய கையேட்டின் தமிழ் வரைவைப் பார்த்தேன். டிப்ளாய்மென்ட், இமேஜிங், நெட்வொர்க் இன்ஸ்டலேஷன் மூன்றுக்கும் ‘நிறுவல்’ என்றே இருக்கிறது. நடுவே ஓரிடத்தில் டிப்ளாய்மென்ட் ‘வரிசைப்படுத்தல்’ ஆகியிருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பின் உபயம். ‘40 கணினிகளை வரிசைப்படுத்தவும்’ என்று படிப்பவர் மேசைகளை நகர்த்தத்தான் கிளம்புவார்.

மொத்த வேலைக்குக் ‘களமிறக்கல்’ என்று வைக்கலாம். அதில் எனக்குப் பெரிய தயக்கமில்லை. ஆனால் இமேஜிங்கை நிறுவல் என்று சொல்லவே கூடாது என்பேன். நிறுவும்போது நிறுவி நிரல் அந்தக் கணினியிலேயே ஓடுகிறது; வன்பொருளைக் கண்டறிகிறது, வட்டைப் பிரிக்கிறது, அந்தக் கணினிக்கென்றே சில அடையாளங்களை உண்டாக்குகிறது. இமேஜிங்கில் இது எதுவும் நடப்பதில்லை. எல்லாம் போட்டு முடித்த ஒரு வட்டைப் படியெடுத்து மற்றவற்றில் எழுதுகிறோம். அடையாளங்களும் சேர்ந்தே நகலாகின்றன.

லினக்ஸில் இது எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். ‘/இடிசி/மெஷின்-ஐடி’ கோப்பைத் துடைக்காமல் படியெடுத்தால் எல்லாக் கணினிகளிலும் ஒரே எண். உபுண்டு சர்வரில் பிணையத்தைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி தன் டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும் முறை) அடையாளத்தை அந்த எண்ணிலிருந்துதான் உருவாக்குகிறது. பிணைய அட்டையின் மேக் முகவரி வேறு வேறாக இருந்தும் டிஎச்சிபி சர்வர் எல்லாவற்றுக்கும் ஒரே ஐபியைக் கொடுக்கும். பார்ப்பவர் கேபிளையும் ஸ்விட்சையும் சந்தேகித்துக்கொண்டிருப்பார். படியெடுக்கும் முன் அந்தக் கோப்பை வெற்றுக் கோப்பாக்கி விட்டால் அடுத்த பூட்டில் புது எண் தானாக உருவாகும்.

எனவே இமேஜிங்குக்குப் ‘படிமம் பதித்தல்’, நெட்வொர்க் இன்ஸ்டலேஷனுக்குப் ‘பிணையவழி நிறுவல்’. கருத்துச் சொல்லுங்கள்.

*

> இமேஜிங்குக்குப் ‘படிமம் பதித்தல்’

ஐயா, பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதில் உடன்பாடே. ‘படிமம்’ தான் இடிக்கிறது. கவிதைத் திறனாய்வில் ஒரு படிமம், ஒளிப்படத்துக்கு ஒரு படிமம், இப்போது கண்டெய்னர் இமேஜுக்கும் அதையே எழுதுகிறார்கள். ‘வார்ப்பு’ என்றால் என்ன? டெம்ப்ளேட்டுக்கு வார்ப்புரு என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதன் உறவுச் சொல்லாகப் பொருந்தும்.

பணியிடத்தில் கேட்டால் இன்னும் சிலர் ‘கோஸ்ட் போடுறது’ என்றுதான் சொல்கிறார்கள். சைமன்டெக் 1998இல் வாங்கிய அந்தப் பழைய மென்பொருளின் பெயர் வினையாகவே ஆகிவிட்டது. அதைத் தமிழாக்கி ‘ஆவி இறக்கல்’ என்று யாரும் முன்மொழிய மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இன்னொரு சொல்லும் தேவை. விண்டோஸில் படியெடுக்கும் முன் கணினியைத் தயார்செய்யும் சிஸ்பிரெப் கருவியை ‘ஜெனரலைஸ்’ தெரிவுடன் ஓட்டும் படிக்கு வரைவில் ‘பொதுமைப்படுத்தல்’ என்று இருக்கிறது. அகராதிப்படி சரி, ஆனால் என்ன நடக்கிறது என்று அதிலிருந்து தெரியவில்லை. எஸ்ஐடி (விண்டோஸ் கணினிக்கான பாதுகாப்பு அடையாள எண்), கணினிப் பெயர், வன்பொருள் சார்ந்த அமைப்புகள் எல்லாம் அப்போது கழற்றப்படுகின்றன. ‘அடையாளம் களைதல்’ என்று வைத்தால் லினக்ஸுக்கும் சேர்த்தே பொருந்தும்.

*

அடையாளம் களைதல் மிக நன்று. ‘ஒரே எஸ்ஐடி இருந்தால் ஒன்றும் ஆகாது’ என்று 2009 முதல் ஒரு பேச்சு உண்டு. மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச், எஸ்ஐடியை மாற்றும் தன் நியூஎஸ்ஐடி கருவியைக் கைவிட்டபோது எழுதியதை வைத்துச் சொல்வது. அது இனிச் செல்லாது. 2025இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்புகளுக்குப் பிறகு, ஒரே எஸ்ஐடி கொண்ட இரு கணினிகள் ஒன்றை ஒன்று அணுகும்போது கெர்பரோஸ், என்டிஎல்எம் எனும் உள்நுழைவுச் சரிபார்ப்பு முறைகள் தோற்கின்றன. கடவுச்சொல் சரியாகவே இருக்கும், உள்ளே விடாது.

கையேட்டில் இந்தப் படிக்குக் கூடுதல் இடம் கொடுங்கள். ஒரு பயனருக்கு மட்டும் ஸ்டோரிலிருந்து செயலி ஏதாவது போடப்பட்டிருந்தால் சிஸ்பிரெப் பாதியில் நின்றுவிடும். எந்தச் செயலி என்பது சிஸ்பிரெப்பின் பாந்தர் கோப்புறையிலுள்ள பதிவுக்கோப்பில் இருக்கும். களைந்து முடித்துக் கணினி அணைந்ததும், படியெடுக்கும் வரை அந்த வட்டிலிருந்து மறுபடி பூட் செய்யவே கூடாது. செய்தால் அது திரும்பத் தனக்கென அடையாளம் எடுத்துக்கொள்ளும். டெபியனில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் சேவை) சாவிகளை அழித்தால் அவை தானாகத் திரும்ப வராது, சேவையே கிளம்பாது. முதல் பூட்டில் சாவி உருவாக்கும் சிறு நிரலைப் படிமத்திலேயே வைக்க வேண்டும்.

‘வார்ப்பு’ எனக்கு உவப்பில்லை. வார்ப்புருவும் வார்ப்பும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் தடுமாறுவார், மெய்நிகர் கணினிகளைப் பற்றி எழுதும்போது இரண்டும் அருகருகே வரவே செய்யும். ‘வட்டுப் படிமம்’ என்று அடைமொழி சேர்த்தால் கவிதையோடு குழம்பாது.

> நெட்வொர்க் இன்ஸ்டலேஷனுக்குப் ‘பிணையவழி நிறுவல்’

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிஎக்ஸ்இ (வட்டுக்குப் பதில் பிணையத்திலிருந்து கிளம்பும் முறை) வழியாகக் கணினி கிளம்புவது மட்டும் நிறுவல் ஆகாது. எஃப்ஓஜி, குளோனிசில்லா சர்வர் போன்ற படிமக் கருவிகளும் பிஎக்ஸ்இயில்தான் கிளம்புகின்றன. எனவே ‘பிணையவழித் தொடக்கம்’ என்பதைத் தனிச் சொல்லாக வைத்து, அதன்பின் பாதை பிரிகிறது என்று எழுத வேண்டும். வட்டில் படிமம் இறங்கினால் பதித்தல். நிறுவி நிரல் ஓடினால் நிறுவல். நிறுவியின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதித் தரும் கோப்புக்கு ரெட் ஹாட்டில் கிக்ஸ்டார்ட், டெபியனில் பிரிசீட், விண்டோஸில் அன்அட்டெண்ட் என்று ஆளுக்கொரு பெயர். மூன்றுக்கும் பொதுவாக ‘விடைக்கோப்பு’ என்றால் போதும்.

தொடக்கத்தில்தான் பலரும் சிக்குகிறார்கள், அதனால் அந்த அதிகாரம் விரிவாகவே இருக்கட்டும். டிஎச்சிபியில் 66ஆம் தெரிவு சர்வர், 67 பூட் கோப்பு. 67இல் ஒரே கோப்பை எழுதி வைத்தால் பழைய பயாஸ் கணினியும் புதிய யூஇஎஃப்ஐ கணினியும் அதையே வாங்கும். ஏதாவது ஒன்று கிளம்பாது. கணினி அனுப்பும் 93ஆம் தெரிவைப் பார்த்து, 0 என்றால் பயாஸ் கோப்பு, 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ கோப்பு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாத கோப்பு நிராகரிக்கப்படும். எல்லாம் சரியாக இருந்தும் ஐபி கிடைக்கவில்லை என்றால் ஸ்விட்ச் போர்ட்டைப் பாருங்கள். பிணையத்தில் சுழல் உண்டாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ 30 விநாடி போர்ட்டை அடைத்து வைத்திருக்க, அதற்குள் பிஎக்ஸ்இ கேட்டுக் கேட்டு ஓய்ந்திருக்கும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் தீரும். பூட் கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபி இயல்பாக ஒவ்வொரு 512 பைட்டுக்கும் ஒப்புகைக்குக் காத்திருப்பதால் ஆமை வேகம். சிறிய ஐபிஎக்ஸ்இ (பிணையத் தொடக்க நிரல்) கோப்பை மட்டும் அதில் அனுப்பிவிட்டு மிச்சத்தை எச்டிடிபியில் இழுத்துக்கொள்ளச் செய்யலாம்.

*

வட்டுப் படிமம் சரி, வார்ப்பை விட்டுவிடுகிறேன். களமிறக்கல், பிணையவழித் தொடக்கம், விடைக்கோப்பு மூன்றும் ஏற்பே.

மல்டிகாஸ்ட் மிச்சமிருக்கிறது. வரைவிலுள்ள ‘ஒலிபரப்பு’ தவறு, அது பிராட்காஸ்ட். குழுவில் சேர்ந்தவருக்கு மட்டும் போவதால் ‘குழுப்பரப்பல்’ என்கிறேன். 20 ஜிபி படிமத்தை விநாடிக்குச் சுமார் 110 எம்பி வேகத்தில் அனுப்பினால் ஒரு கணினிக்கு 3 நிமிடம். 40 கணினிகளுக்குத் தனித்தனியாக அதே ஜிகாபிட் கேபிளில் அனுப்பினால் 2 மணி நேரம். குழுப்பரப்பலில் ஒரே ஓட்டம். ஆனால் குழுவிலேயே மெதுவான வட்டு எதுவோ அதன் வேகம்தான் எல்லோருக்கும். பழுதான வட்டுள்ள ஒரு கணினி மொத்தக் குழுவையும் நிறுத்தி வைக்கும். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கவனிக்கும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் ஸ்விட்சில் இல்லையென்றால் அது பிராட்காஸ்ட் போலவே எல்லாப் போர்ட்டிலும் வழிந்து பிணையத்தையே திணறடிக்கும். அந்த இடத்தில் இரு சொற்களும் ஒரே பத்தியில் வரும், வேறுபாடு தானே விளங்கும்.

*

குழுப்பரப்பல் ஏற்பு. மற்றவற்றுக்கு மூலமான ‘கோல்டன் இமேஜ்’ வரும் இடங்களில் ‘தங்கப் படிமம்’ என்பதை நீக்கித் ‘தாய்ப் படிமம்’ என்று மாற்றியிருக்கிறேன். அதன் கீழ் இரண்டு எச்சரிக்கைகள் சேர்ந்துள்ளன. குளோனிசில்லா இயல்பாக, தாய் வட்டைவிடச் சிறிய வட்டில் பதிக்காது. எனவே இருப்பதிலேயே சிறிய வட்டில் தாய்ப் படிமத்தைத் தயாரிக்கவும். விண்டோஸின் மறைகுறியீட்டு வசதியான பிட்லாக்கர் இயங்கும் வட்டுப் பிரிவைப் படியெடுத்தால் கருவியால் எது காலி இடம் என்று அறிய முடியாமல் முழு வட்டையும் அள்ளும், 20 ஜிபி வர வேண்டிய இடத்தில் 200 ஜிபி வரும். மறைகுறியீட்டை நீக்கி முடித்த பிறகே படியெடுக்கவும். ஆட்சேபம் இருந்தால் மூன்றாம் அதிகாரம் அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்.