ரயில்வே பணிமனையில் பிறந்த பென்யரோல்: தொடக்கம் 1891-ஆ, 1913-ஆ?

நாகப்பட்டினம் வாசகர்:
வணக்கம். எங்கள் ஊரிலிருந்து பொன்மலைக்கு மாறிய ரயில்வே பணிமனையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, உருகுவேயின் பென்யரோல் கால்பந்துச் சங்கமும் ரயில்வே ஊழியர்களிடமிருந்தே பிறந்தது என்பது பெரும் வியப்பாக இருக்கிறது. அதன் தொடக்கம் 1891 என்றும் 1913 என்றும் சொல்கிறார்களே, எதை ஏற்பது?

கும்பகோணம் வாசகர்:
நண்பரே, தலைநகர் மொண்டெவிடியோவில் ஆங்கிலேயர் நடத்திய மத்திய உருகுவே ரயில்வேயின் ஊழியர்கள், 1891 செப்டம்பர் 28 அன்று அதைக் கிரிக்கெட் சங்கமாகத்தான் தொடங்கினார்கள். கால்பந்து பின்னரே முதலிடம் பிடித்தது. மஞ்சளும் கறுப்பும் அந்த ரயில்வேயின் நிறங்கள். ரசிகர் கூட்டம் பெருகப் பெருக நிர்வாகத்துடன் பிணக்கும் வளர்ந்து, 1913-இல் பென்யரோல் என்ற பெயர் வந்தது. பிறகு சங்கம் கம்பெனியின் பிடியிலிருந்து விலகியது.

மன்னார்குடி வாசகர்:
1899-இல் தோன்றிய, பென்யரோலின் பரம எதிரியான நாசியோனல் சங்கத்தார், ரயில்வே சங்கம் வேறு, பென்யரோல் வேறு என்று இன்றும் வாதிடுகிறார்கள். அதை ஏற்றால் மூத்த சங்கம் அவர்களுடையதாகிவிடும். ஆட்டக்காரர்களும் நிறங்களும் ரசிகர்களும் அறுபடாமல் தொடர்ந்ததால், 1891 என்பதே நியாயம் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

திருவாரூர் வாசகர்:
1960-இல் நடந்த முதல் லிபர்தடோரஸ் கோப்பையை (தென் அமெரிக்கச் சங்கங்களுக்கான போட்டி) வென்றதும் பென்யரோலே. அதே கோப்பையின் 1966 இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணியிடம் 0-2 எனப் பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 4-2 என்று வென்றார்கள். பென்யரோலுக்கு ஆடிய ஈக்வடார் வீரர் அல்பெர்தோ ஸ்பென்சர் அக்கோப்பைப் போட்டிகளில் மொத்தமாக அடித்த 54 கோல்களை இன்றுவரை எவரும் தாண்டவில்லை.