சின்னக் காஸ் அடுப்பு வாங்கலாமோ?

வணக்கம் உறவுகளே. அடுத்த மாதம் பெடியளோட நெடுந்தீவில ஒரு இரவு தங்கப்போறம். 220 கிராம் பியூட்டேன் ரின் போடுற சின்ன அடுப்பொண்டு கடையில பாத்தன். கை துருதுருக்குது. மனிசி "மூண்டு கல்லும் பனைமட்டையும் காணாதோ?" எண்டு சிரிக்கிறா.

என்ர பயம் கடற்காத்துதான். மறைப்பு வைக்கலாம், ஆனா சுத்திவர மூடினா ரின் சூடாகி வெடிக்கக்கூடும். தை மாசம் நுவரெலியாவுக்கும் கொண்டுபோக ஆசை. ஆனா அங்க குளிர்; பியூட்டேன் 0 பாகைக்குக் கிட்ட ஒழுங்கா ஆவியாகாது.

பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ: ஒரு ரின்னில ஆறு பேருக்கு எத்தினைதரம் தேத்தண்ணி வைக்கலாம்? யாழ்ப்பாணத்தில ரின் தனியா எங்க எடுக்கலாம்? நெடுந்தீவுக்குப் போற குறிகட்டுவான் படகில ஏத்த விடுவினமோ?