எங்கள் றோட்டுக் கடைக்காரருக்கு .இலங்கை முகவரியை எப்படி எடுத்துச் சொல்வது?

சந்தையடிக் கடை எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட பனம்பொருள் கடை வைத்திருக்கிறேன். பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல், வீட்டில் வறுத்து இடித்த தூள், இவ்வளவும்தான் சாமான். கடைப் பெயரிலேயே புழுக்கொடியல் என்ற சொல் இருக்கிறது, முன்பு இருந்த இணைய முகவரி ஆங்கில எழுத்தில்.

ஒரு நாள் வவுனியாவில் இருந்து ஒரு அம்மா போன் எடுத்து, "தம்பி, உங்கட வெப்சைற் வருகுதில்லை" என்றார். பி, யு என்று தொடங்கி எழுத்தெழுத்தாகச் சொன்னேன். ழ வந்த இடத்தில் அவர் எல் போட்டிருந்தார், நான் இசட் எச் என்றேன். க் வந்த இடத்தில் கே ஒன்றா இரண்டா என்று கேட்டார். கடைசியில் களைத்துப் போய், "ஒரு கிலோவை பஸ்ஸில் போட்டு விடுங்கோ தம்பி, காசு அனுப்புறன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கடைப் பெயரைத் தமிழிலேயே எழுதி .இலங்கை என்று முடியும் முகவரி எடுத்தேன். அந்த அம்மாவுக்கே முதலில் சொன்னேன்: கடைப் பெயரை இடம் விடாமல் எழுதுங்கோ, ஒரு புள்ளி போடுங்கோ, இலங்கை என்று எழுதுங்கோ. நாலு நாளில் அவரே படம் பார்த்து ஓடர் போட்டார்.

இதைப் பார்த்து எங்கள் றோட்டில் மற்றவர்களும் எடுத்தால் நல்லது என்று பதினொரு கடை ஏறி இறங்கினேன். இரண்டு பேர்தான் சரி என்றார்கள். பேஸ்புக் பக்கம் போதும் என்கிறார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்கிறார்கள், இது ஏதோ புதுசு, இரண்டு வருடத்தில் நிற்பாட்டி விடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். அடுத்த மாதம் எங்கள் வணிகர் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். என்ன சொல்லலாம்? கூட்டிச் சொல்லி ஆட்களை இழுக்க எனக்கு விருப்பமில்லை, இதில் என்ன குறை இருக்கிறதோ அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோண்டாவில் கணினி எழுதியது:

அண்ணை, முதலில் அந்த "புதுசு" என்ற கதையை முடித்துவிடுங்கோ. ஆங்கில எழுத்தில் எங்கள் நாட்டு முகவரியான .எல்கே 1990இல் வந்தது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் நாட்டு முகவரி கொடுக்கும் வேலையை, இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்துகிற ஐகான் நிறுவனம் 2009 கடைசியில் தொடங்கியது, 2010 மே மாதம் அரபு எழுத்தில் முதல் முகவரிகள் வந்தன, அதே 2010இல் எங்களுக்குத் தமிழில் .இலங்கையும் சிங்களத்தில் .லங்காவும் கிடைத்தன. ஒரே தடவையில் இரண்டு எழுத்தில் வாங்கிய நாடு இது. பிறகு .சிங்கப்பூர், .இந்தியா என்று தமிழில் இன்னும் இரண்டு வந்தன. ரஷ்யாக்காரர் தங்கள் சிரிலிக் முகவரியை 2010 நவம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட, சில மாதத்துக்குள்ளேயே பல லட்சம் பேர் எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் கதவு திறந்தே கிடக்கிறது, போகிறவர்கள்தான் குறைவு.

கூட்டத்தில் யாராவது "உள்ளே எப்படி வேலை செய்யுது" என்று கேட்டால் இப்படிச் சொல்லுங்கோ. இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் ஆங்கிலத்தின் 26 எழுத்து, பத்து இலக்கம், ஒரு சின்னக் கோடு, இந்த 37தான் புழக்கம். அதனால் நாங்கள் தமிழில் எழுதியதைக் குறோம் போன்ற உலாவி பியூனிகோட் என்ற முறையில் ஆங்கில எழுத்தாக மாற்றி அனுப்புகிறது. 2003இல் வகுத்த முறை அது. எக்ஸ், என், இரண்டு கோடு, அதற்குப் பிறகு வாயில் நுழையாத எழுத்துகள். பார்க்கிறவருக்குத் தமிழ்தான் தெரியும்.

இனி குறைகள். குறோமில் முகவரியைக் கொப்பி பண்ணி வேறு இடத்தில் ஒட்டினால் அந்த எக்ஸ் என் வடிவம்தான் வரும், அதைக் கண்ட வாடிக்கையாளர் வைரஸ் என்று பயந்து போன் எடுத்த சம்பவம் என்னிடம் இருக்கிறது. சில செயலிகளில் தமிழ் முகவரி நீல நிற லிங்க்காக மாறாமல் வெறும் எழுத்தாகக் கிடக்கும், முன்னால் எச்ரிரிபிஎஸ் சேர்த்து அனுப்பிப் பாருங்கோ. மின்னஞ்சல்தான் பெரிய தலையிடி. தமிழ் மின்னஞ்சலுக்கான விதிமுறை 2012இலேயே வந்துவிட்டது, ஜிமெயிலும் 2014இல் இருந்து இப்படியான முகவரிகளுக்கு அனுப்பவும் பெறவும் விடுகிறது, ஆனால் இணையப் படிவங்களில் நிறைய இன்னும் "தவறான முகவரி" என்று திருப்பி அனுப்புகின்றன. ஆகவே மின்னஞ்சலுக்குப் பழைய ஆங்கில முகவரியை விடவே கூடாது. பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிக் கவலை வேண்டாம், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2016இல் இருந்தே இவற்றுக்கும் இலவசமாகத் தருகிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கோ, ஆட்கள் விழுகிற பள்ளம் இதுதான்: எழுத்து. கௌரி என்று கடைப் பெயர் இருக்கிறது என்று வையுங்கோ. கௌ என்பதில் கடைசியில் நிற்பது ஔகாரக் குறியின் பாதி, பார்க்க அச்சு அசல் ள மாதிரியே இருக்கும். பலர் கெ எழுதி, பக்கத்தில் ள எழுதி, ரி எழுதி விடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு பெயர். பிழையானதைப் பதிந்துவிட்டால் சரியாக எழுதுகிற வாடிக்கையாளர்தான் வழி தெரியாமல் நிற்பார். ஸ்ரீ என்று தொடங்கும் கடைகளுக்கும் இதே சிக்கல், கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோட் முறையில் அந்த எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். பதிவதற்கு முன் நாலைந்து பேரின் போனில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கோ. அச்சகத்தில் இருந்து வந்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் உள்ளதைக் கொப்பி பண்ணிப் படிவத்தில் ஒட்டவும் வேண்டாம், அது தமிழ் உடுப்புப் போட்ட ஆங்கில எழுத்து, ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் விழும். ஒரே பெயருக்குள் தமிழும் ஆங்கிலமும் கலந்தாலும் குறோம் போன்ற உலாவி சந்தேகப்பட்டு எக்ஸ் என் வடிவத்தையே காட்டும்.

சுன்னாகம் சைக்கிள் கடை எழுதியது:

தம்பிமார், தொழில்நுட்பம் எனக்குப் பெரிதாக விளங்காது, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஒருவரிடம் காசு கொடுத்து வெப்சைற் செய்வித்தேன். முகவரியை அவர் தன் பெயரில், தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்திருக்கிறார், எனக்கு அது தெரியாது. அவர் வெளிநாடு போய்விட்டார். வருடம் முடிந்தது, புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கிறது. ஒரு நாள் காலையில் பார்த்தால் என் கடைப் பெயரில் ஒன்றும் இல்லை. பில் புத்தகம், பை, கடைக்கு முன்னால் நிற்கிற போர்ட், எல்லாவற்றிலும் அந்த முகவரி அடித்திருந்தேன். போர்ட்டில் மட்டும் பெயின்ற் வாங்கி நானே ஏணி வைத்து ஏறி அழித்தேன். அப்பா தொடங்கிய கடை, அந்தப் பெயரை என் கையாலேயே அழிப்பது போல இருந்தது.

அதனால் கூட்டத்தில் முதல் வசனமாக இதைச் சொல்லுங்கோ: தமிழோ ஆங்கிலமோ, யார் செய்து தந்தாலும் பதிவு உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில், நீங்கள் திறக்கிற மின்னஞ்சலில் இருக்க வேண்டும். புதுப்பிக்கிற திகதியைக் கடைக் கலண்டரில் எழுதி வையுங்கோ. என்னைப் போல ஒரு தடவை அடிபட்டவன் இரண்டாம் தடவை காசு போட யோசிப்பான், அந்தப் பயத்தைப் போக்கினால் பாதிப் பேர் வருவார்கள். நான் வருவேன்.

ஸ்காபரோவில் இருந்து எழுதியது:

நான் மானிப்பாய், இப்போது கனடா. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று உங்கள் றோட்டில் சொன்னது உண்மைதான், அதை மறுக்க வேண்டாம். என் மகள் நன்றாகத் தமிழ் கதைப்பாள், ஆனால் அவளுடைய போனில் தமிழ் விசைப்பலகையே இல்லை. ஊரில் இருக்கிற பெரியம்மாவுக்குப் பிறந்தநாள் சாமான் அனுப்ப அவள் தேடுவது ஆங்கிலத்தில். அதே வீட்டில் என் அம்மாவுக்கு 74 வயது, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகத் தேடிக் குத்துவார், தமிழில் என்றால் என்னை விட வேகமாக எழுதுவார். எந்தத் தூள் நல்லது என்று தீர்மானிக்கிறவர் அம்மா, வங்கி அட்டையில் காசு கட்டுகிறவள் மகள். இரண்டு பேரும் ஒரே கடைக்கு வர வேண்டும்.

ஆகவே இரண்டு முகவரியையும் வைத்து ஒன்றை மற்றதுக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கோ, சைற் ஒன்று போதும். பொதியில் தமிழ் முகவரியைப் பெரிதாக அடித்து, பக்கத்தில் கியூஆர் கோடும் போடுங்கோ. சந்தையடி அண்ணையின் பொதி போன மாதம் இங்கே வந்தது, அதில் முகவரி சின்ன எழுத்தில் மடிப்புக்குள் கிடந்தது, நான் கண்ணாடி போட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

வட்டுக்கோட்டை ரீச்சர் எழுதியது:

கடைக்காரரை மட்டும் ஏன் கூப்பிடுகிறீர்கள்? எங்கள் ஊர்ப் பெயரையே எடுங்கள். ஆங்கிலத்தில் ஒருவர் ட்ட-வுக்கு இரண்டு டி போடுகிறார், இன்னொருவர் இரண்டு ரி போடுகிறார், மூன்றாமவர் எச் ஒன்றும் சேர்க்கிறார். என் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு விதம், மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்திருக்கிறேன். தமிழில் எழுதினால் அது ஒரே பெயர், முதலாம் வகுப்பில் எழுதிய அதே பெயர்.

நான் என் பெயரில் .இலங்கை முகவரி எடுத்தது காணிப் பெயர்களுக்காக. பழைய காணி உறுதிப் பத்திரங்களில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் இருக்கும், புளியடி, பள்ளவயல், ஆலங்கொல்லை என்று. இப்போது காணி விற்கும்போது பரப்பும் விலையும்தான் கதைக்கிறார்கள், அந்தப் பெயர்கள் வாயில் இருந்து போய்க்கொண்டிருக்கின்றன. உறுதி வைத்திருக்கிற வீடுகளுக்குப் போய் எழுதி எடுத்து ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன். இவ்வளவு தமிழ்ப் பெயரைச் சேர்த்து வைத்துவிட்டு வாசலில் ஆங்கிலத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. படிவம் ஏற்கவில்லை, செயலி லிங்க் ஆக்கவில்லை என்று கணினித் தம்பி சொன்னது எல்லாம் எனக்கும் நடந்தது. நடந்த ஒவ்வொரு தடவையும் அந்த நிறுவனத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடுகிறேன். பத்துப் பேர் பாவித்து, பத்துப் பேர் முறைப்பாடு எழுதினால்தான் திருத்துகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சந்தையடிக் கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர், உங்கள் கதையை வாசித்துவிட்டு அப்பாவின் உறுதியை எடுத்துப் பார்த்தேன். எங்கள் கடை நிற்கிற துண்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, இவ்வளவு நாளும் தெரியாது. அனுப்பி வைக்கிறேன்.

கூட்டத்துக்கு இப்படி யோசித்திருக்கிறேன். பேசத் தொடங்க முதல் எல்லோருக்கும் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து, பக்கத்துக் கடையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லப் போகிறேன். பிறகு அந்தக் கடைக்காரரையே எழுந்து நின்று எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று பார்க்கச் சொல்வேன். அப்புறம் சைக்கிள் கடை அண்ணை வந்து தன் கதையைத் தன் வாயால் சொன்னால் நல்லது, நான் சொன்னால் அந்தக் கனம் இருக்காது. குறைகளையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். கோண்டாவில் தம்பி, உங்களால் வர முடியுமா? எங்கள் றோட்டில் ஸ்ரீ என்று தொடங்குகிற கடை மூன்று இருக்கிறது.

கோண்டாவில் கணினி எழுதியது:

வருகிறேன் அண்ணை, திகதியைச் சொல்லுங்கோ. மடிக்கணினி கொண்டு வருகிறேன், அந்த மூன்று கடையின் பெயரையும் அங்கேயே எழுதிப் பார்ப்போம். உங்கள் பொதியின் அடுத்த அச்சுக்குக் கொடுக்க முதல் எனக்கு ஒரு தடவை காட்டுங்கோ, மடிப்புக்குள் போகாமல் முகப்பில் வைப்போம்.