ஆர்லாண்டோ டைம்ஷேர்: சும்மா கிடைக்கும் வாரமா, டிஸ்னி பாயிண்டா?

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஸ்பிரிங் பிரேக் வந்தால் ஆர்லாண்டோதான். அட்லாண்டாவிலிருந்து காரில் ஏழு மணி நேரம், பிள்ளைகளோடு எட்டரை. நான், கணவர், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன். இந்த முறை என் அப்பா அம்மாவும் கூட வந்தார்கள். ஓட்டலில் இரண்டு அறை போட்டோம். ஒன்று இரண்டாவது மாடியில், இன்னொன்று நான்காவது மாடியில் கிடைத்தது. அம்மா காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். எங்கள் கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் தினமும் ஒன்றரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். அதிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்: எல்லோரும் ஒரே கதவுக்குள் இருக்க வேண்டும், அடுப்பு ஒன்று இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, என் அலுவலகத் தோழியின் டைம்ஷேர், அதாவது ஒரு ரிசார்ட்டில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை. டிஸ்னிக்கு வெளியே, காரில் பதினைந்து நிமிடம். இரண்டு படுக்கையறை, முழுச் சமையலறை, ஒவ்வொரு வருடமும் 26ஆவது வாரம், அதாவது ஜூன் கடைசி. சும்மாவே எழுதித் தருகிறேன், பெயர் மாற்றும் செலவை மட்டும் நீ பார்த்துக்கொள் என்கிறார். வருட மெயின்டனன்ஸ் (பராமரிப்புக் கட்டணம்) 1,450 டாலர். இரண்டாவது, டிஸ்னி வெகேஷன் கிளப்பில் (டி.வி.சி.) நேரடியாகப் பாயிண்ட் வாங்குவது; வருடா வருடம் கிடைக்கும் அந்தப் பாயிண்டைக் கொடுத்துத்தான் டிஸ்னி ரிசார்ட்டுகளில் அறை பிடிக்க வேண்டும். மூன்றாவது, அதே டி.வி.சி. பாயிண்டுகளை வேறொரு உறுப்பினரிடமிருந்து ரீசேலில் வாங்குவது.

கணவர் முதல் வழியில் நிற்கிறார். "ஒரு வாரத்துக்கு 1,450 டாலரில் இரண்டு பெட்ரூம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. என் மனசு மூன்றாவதில் இருக்கிறது. உண்மையில் சொந்தமாக வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், கையெழுத்துப் போடும் முன் எதை எல்லாம் பார்க்க வேண்டும்?

ஏரிக்கரை எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் 2017இல் சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற டி.வி.சி. ரிசார்ட்டில் 160 பாயிண்ட் ரீசேலில் வாங்கினேன். பாயிண்டுக்கு 95 டாலர், மொத்தம் 15,200. எனக்கு அது நன்றாகவே உழைக்கிறது. ஆனாலும் என் கணக்கை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது, ஏன் என்று சொல்கிறேன்.

சரடோகா ஒப்பந்தம் 2054 வரைதான். டி.வி.சி.யில் நிலம் நம் பெயருக்கு என்றென்றைக்கும் வருவதில்லை, ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் ஒரு முடிவு ஆண்டு உண்டு. போர்ட்வாக், பீச் கிளப் 2042, அனிமல் கிங்டம் 2057, பே லேக் டவர் 2060, ரிவியரா 2070. என் 15,200ஐ 37 வருடத்துக்கும் 160 பாயிண்டுக்கும் பிரித்தால் பாயிண்டுக்கு வருடம் இரண்டரை டாலர் சொச்சம். அதன் மேல் வருடக் கட்டணம். வாங்கியபோது அது ஆறு டாலருக்குள் இருந்தது, இப்போது எட்டைத் தாண்டிவிட்டது. சேர்த்தால் பதினொன்று. அதே பாயிண்டை ஓர் உறுப்பினரிடம் வாடகைக்கு எடுத்தால் இருபது டாலர் சுற்றி ஆகும். என் லாபம் அந்த இடைவெளிதான், வேறெதுவும் இல்லை. வங்கியில் கிடந்திருந்தால் வந்திருக்கும் வட்டியையும் இதில் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் ஆறு பேர். ஸ்டூடியோவில் (ஒற்றை அறையில்) ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும்தான் இருக்கும், அடுப்பு கிடையாது. முழுச் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் ஒரு படுக்கையறை வில்லாவிலிருந்துதான் தொடங்குகின்றன. உங்களுக்கு வேண்டியது இரண்டு படுக்கையறை. ஸ்பிரிங் பிரேக் வாரத்தில் அது சரடோகாவிலேயே முன்னூறு பாயிண்டைத் தாண்டும். என் 160ஐ வைத்து வருடா வருடம் போக முடியாது. போன வருடப் பாயிண்டைச் சேமித்து, அடுத்த வருடத்துப் பாயிண்டை முன்கூட்டியே இழுத்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை பெரிய வில்லா எடுக்கலாம். என் பெற்றோர் வரும் வருடத்தில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

முன்பதிவு விதியையும் கவனியுங்கள். நீங்கள் வாங்கிய ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே அறை பிடிக்கலாம். மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதம் இருக்கும்போதுதான். ஏப்ரல் முதல் வாரத்துக்கு ஏழாவது மாதத்தில் தேடினால் நல்ல அறை எல்லாம் போயிருக்கும். அதனால் "எங்கே வாங்கினாலும் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம்" என்று யாராவது சொன்னால், பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு அது பாதிதான் உண்மை. தங்க ஆசைப்படும் இடத்திலேயே வாங்குங்கள்.

ரீசேலுக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. 2019 ஜனவரி 19 முதல் பழைய 14 ரிசார்ட்டுகளில் ரீசேலில் வாங்குபவர்கள் ரிவியராவிலோ அதன் பிறகு வந்த புதிய ரிசார்ட்டுகளிலோ அந்தப் பாயிண்டைப் பயன்படுத்த முடியாது. ரிவியராவையே ரீசேலில் வாங்கினால் ரிவியராவில் மட்டும்தான் தங்கலாம். நான் முன்பே வாங்கியதால் இது என்னைத் தொடவில்லை. அப்புறம், ஆண்டுப் பாஸ் தள்ளுபடி போன்ற உறுப்பினர் சலுகைகள் ரீசேல்காரர்களுக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது, அதை நான் ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லை. பூங்கா டிக்கெட் எந்த வழியில் வாங்கினாலும் தனிச் செலவுதான், அதை மறந்துவிடாதீர்கள்.

பெற்றோருக்காக ஒன்று சொல்கிறேன். ஓல்ட் கீ வெஸ்ட் வில்லாக்கள் இருப்பதிலேயே விசாலமானவை, ஆனால் சில கட்டடங்களில் மட்டும்தான் லிஃப்ட். என் அம்மாவின் முட்டி அதைத் தாங்கவில்லை. அனிமல் கிங்டமின் கிடானி வில்லேஜில் இரண்டு படுக்கையறை வில்லாவுக்கு மூன்று குளியலறை. பால்கனியிலிருந்து ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டு என் அப்பா இரண்டு மணி நேரம் அசையவே இல்லை. பூங்காவுக்குக்கூட வரவில்லை.

கரைசேர்ந்தவன் எழுதியது:

உங்கள் தோழியின் "சும்மா" வாரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

2011இல் தள்ளுபடி பூங்கா டிக்கெட்டுக்காக ஒரு விற்பனைக் கூட்டத்துக்குப் போனோம். தொண்ணூறு நிமிடம் என்றார்கள், நான்கு மணி நேரம் ஆனது. கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்தது. களைப்பில் 18,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டேன், பெரும்பகுதி கடன். வருட மெயின்டனன்ஸ் 620 டாலரில் தொடங்கி 1,380க்கு வந்தது. ஒரு வருடம் புயல் சேதத்துக்கு என்று தனியாக ஒரு தொகை கேட்டார்கள். விற்கப் பார்த்தேன், ஒரு டாலருக்குக்கூட ஆள் வரவில்லை. பிறகு "விடுவித்துத் தருகிறோம்" என்ற ஒரு நிறுவனத்துக்கு முன்பணமாக 4,000 கொடுத்தேன். மூன்று மாதத்தில் அவர்கள் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் கடனை முழுக்க அடைத்த பிறகு ரிசார்ட்டே திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த வழி முதலிலிருந்தே இருந்திருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் தோழியிடம் முதலில் இதைக் கேளுங்கள்: ரிசார்ட் திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று அவர் விசாரித்தாரா?

உங்கள் தோழி கெட்ட எண்ணத்தில் தருகிறார் என்று சொல்லவில்லை. அவருக்கு அந்த 1,450 சுமையாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பத்திரத்தைப் படியுங்கள். அதில் முடிவு ஆண்டு இல்லை என்றால், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும், உங்கள் மகள் கல்லூரி முடித்த பிறகும் அந்தக் கட்டணம் வந்துகொண்டே இருக்கும், வருடா வருடம் ஏறிக்கொண்டே இருக்கும். அதைக் குறைக்க உங்கள் கையில் எதுவும் கிடையாது.

டெவலப்பரிடம் (கட்டி விற்கும் நிறுவனத்திடம்) நேரடியாக வாங்குபவர்களுக்கு ஃபுளோரிடா சட்டம் 10 நாள் தருகிறது. கையெழுத்துப் போட்ட நாளோ, எல்லா ஆவணமும் கைக்கு வந்த நாளோ, எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் எழுத்தில் ரத்து செய்தால் பணம் முழுக்கத் திரும்பும். "இந்த உரிமை வேண்டாம்" என்று எழுதி வாங்கிக்கொண்டாலும் அது செல்லாது. கலிஃபோர்னியாவில் 7 நாள். 2011இல் எனக்கு இது தெரிந்திருந்தால் பதினான்கு வருடம் இப்படி ஓடியிருக்காது. இதைப் படிக்கும் யாராவது நேற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தால், இப்போதே எழுந்து அந்தக் கடிதத்தை எழுதுங்கள். அஞ்சலில் அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நான்குவழிச்சாலை எழுதியது:

நாங்கள் எதையும் வாங்கவில்லை, ஐந்து வருடமாக வாடகைதான். டி.வி.சி. உறுப்பினர் ஒருவரின் பாயிண்டில் அவர் நமக்காக அறை பிடித்துத் தருவார். அறை நன்றாக இருக்கும், டிஸ்னி பேருந்து, பூங்காவுக்கு அரை மணி முன்னதாக நுழையும் வசதி எல்லாம் உண்டு. ஆனால் முன்பதிவு அவர் கணக்கில்தான் இருக்கும். தேதி மாற்றுவது கஷ்டம், ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் வராது. போன வருடம் பையனுக்குக் காய்ச்சல் வந்து போக முடியாமல் முழுத் தொகையும் போனது. அதிலிருந்து பயணக் காப்பீடு எடுக்கிறேன்.

வைகறை, உங்கள் கணவர் கேட்டதும் நியாயம்தான். இரண்டு பெட்ரூமுக்கு முன்னூறு பாயிண்ட், இருபது டாலர் என்றால் ஆறாயிரம். 1,450 எங்கே, ஆறாயிரம் எங்கே! டிஸ்னிக்கு வெளியே உள்ள டைம்ஷேர் வாரங்களை அவற்றின் உரிமையாளர்களே மெயின்டனன்ஸ் காசு தேறினால் போதும் என்று வாடகைக்கு விடுகிறார்கள். அப்படியிருக்க, உங்கள் தோழியின் வாரத்தை ஏன் எழுதி வாங்க வேண்டும்? இந்த வருட மெயின்டனன்ஸை நீங்கள் அவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய விருந்தினராகப் போய்த் தங்குங்கள். அவர் ரிசார்ட்டில் சொல்லி உங்கள் பெயரைப் போடச் சொன்னால் போதும். ஜூன் கடைசியில் ஆர்லாண்டோ வெயிலும், பிற்பகலில் இடியோடு வரும் மழையும் உங்கள் அப்பா அம்மாவுக்கு ஒத்துவருமா என்பதும் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

வைகறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கரைசேர்ந்தவன் எழுதியதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன், நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே தோழியைக் கூப்பிட்டார். பத்திரத்தில் முடிவு ஆண்டு இல்லை. ரிசார்ட் திரும்ப எடுக்குமா என்று தோழி இதுவரை கேட்டதே இல்லையாம், நாளைக்கே கேட்கிறேன் என்றார். அந்த விவரம் அவருக்கும் இங்கிருந்துதான் கிடைத்தது.

விருந்தினராகப் போகும் யோசனைக்கு உடனே சரி என்றுவிட்டார். அவருக்கும் இந்த வருடப் பாரம் இறங்குகிறது. ஜூனில் போகிறோம். அம்மா அதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டார், அடுப்பு காஸா, எலக்ட்ரிக்கா என்று. ஏரிக்கரை, கிடானி ஆசை போகவில்லை. அடுத்த ஏப்ரலுக்கு வாடகையில் பார்க்கலாம் என்றால் எப்போது உறுப்பினரைப் பிடிக்க வேண்டும்?

ஏரிக்கரை எழுதியது:

மார்ச்சுக்குள் பேசி முடித்து, ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கிடானியையே சொந்த ரிசார்ட்டாக வைத்திருப்பவராகப் பாருங்கள், அவருக்குத்தான் 11 மாதச் சலுகை. ஏப்ரல் முதல் வாரத்துக்கு மே தொடக்கத்தில் திறக்கும், கிழக்கு நேரம் காலை எட்டு மணிக்கு. அன்றே அவர் போட வேண்டும்.

கரைசேர்ந்தவன் எழுதியது:

ஜூனில் செக்-இன் செய்யும்போது பார்க்கிங் சீட்டை வேறொரு மேசையில் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். அங்கே காலை உணவும் பரிசு அட்டையும் காட்டி மறுநாள் ஒரு "சின்னச் சந்திப்பு"க்குக் கூப்பிடுவார்கள். அதுவும் விற்பனைக் கூட்டம்தான். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். அந்தச் சந்திப்புக்குப் போகாவிட்டாலும் பார்க்கிங் சீட்டு உங்களுக்கு உண்டு.