பவர் ஆப்ஸ்: புதிய நெல் பதிவுகள் தேடலில் வரவில்லை, மொத்தமும் கூடவில்லை

நெல்லுக்கணக்கு (சம்மாந்துறை):
வணக்கம். ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். விவசாயிகளிடம் வாங்கும் நெல்லைப் பதிய, முன்பு இங்கே இருந்தவர் பவர் ஆப்ஸில் (மைக்ரோசாப்டின் செயலி செய்யும் கருவி) ஒரு செயலி செய்து வைத்திருக்கிறார். தரவெல்லாம் ஷேர்பாயிண்ட் (மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பகம்) பட்டியலில். பெரும்போக அறுவடை தொடங்கும்வரை ஒழுங்காக ஓடியது. இப்போது பெயரைத் தேடினால் பழைய பதிவுகள் மட்டும் வருகின்றன. இன்று காலை நிறுத்துப் பதிந்த மூடைகள் ஷேர்பாயிண்டில் இருக்கின்றன, செயலியில் இல்லை. மேலே காட்டும் மொத்தக் கிலோவும் ஒரே எண்ணில் நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. விவசாயிகள் காசுக்காக வாசலில் நிற்கிறார்கள், தயவுசெய்து உதவுங்கள்.

அக்கரைப்பற்றான்:
அமைப்புகளில் 'டேட்டா ரோ லிமிட்' (செயலி இறக்கும் வரிசைகளின் வரம்பு) 500 ஆக இருக்கும். 2000 ஆக்குங்கள்.

நெல்லுக்கணக்கு:
ஆக்கினேன், வந்துவிட்டது! மிக்க நன்றி.

கல்லடிவாசி:
தம்பி, அதோடு விட்டுவிடாதீர்கள். 2000தான் உச்சம். அறுவடை முடிவதற்குள் அதையும் தாண்டுவீர்கள், அப்போதும் பிழைச் செய்தி வராது. காசு கொடுக்கும் இடத்தில் இது ஆபத்து.

ஷேர்பாயிண்டால் முடிந்த வேலையைப் பவர் ஆப்ஸ் அதனிடமே ஒப்படைக்கிறது. டெலிகேஷன் என்பது இதுதான். முடியாத வேலையென்றால் முதல் 500 (இப்போது உங்களுக்கு 2000) வரிசைகளை மட்டும் இறக்கி, அவற்றுக்குள்ளேயே தேடுகிறது, கூட்டுகிறது. 'சேர்ச்' (தேடல்), 'சம்' (கூட்டல்) இரண்டும் ஷேர்பாயிண்டிடம் போகாதவை. 'ஃபில்டர்' (வடிகட்டல்), 'ஸ்டார்ட்ஸ்வித்' (தொடக்கத்தை வைத்துத் தேடல்) போகும்.

ஆகவே பெயரை விட்டு, அடையாள அட்டை இலக்கத்தின் தொடக்கத்தை வைத்து ஸ்டார்ட்ஸ்வித்தால் தேடுங்கள். மொத்தத்துக்கு, திகதியை 20260214 என்பதுபோல எண்ணாக ஒரு நிரலில் வையுங்கள். அன்றைய பதிவுகளை மட்டும் ஃபில்டர் செய்து கூட்டினால் வரம்புக்குள் அடங்கும். அந்த நாள் மொத்தத்தை மாலையில் வேறொரு பட்டியலில் ஒரு வரியாக எழுதுங்கள். போகத்தின் மொத்தத்தை அந்தச் சிறிய பட்டியலிலிருந்து எடுங்கள். அட்டை இலக்கம், திகதி இரண்டு நிரல்களையும் இப்போதே இன்டெக்ஸ் (விரைவாகத் தேடுவதற்கான சுட்டி) செய்துவிடுங்கள். 5000 தாண்டிய பட்டியலை இன்டெக்ஸ் இல்லாத நிரலில் வடிகட்டப் போனால் ஷேர்பாயிண்ட் மறுத்துவிடும்.

சோதிக்கும்போது வரம்பை 1 ஆக்குங்கள். ஒப்படைக்கப்படாத தேடல் ஒரே வரியோடு நின்று உடனே அகப்பட்டுவிடும். நாள் மொத்தமும் அப்போது தவறாகத்தான் வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அக்கரைப்பற்றான்:
டேட்டாவெர்ஸுக்கு (மைக்ரோசாப்டின் இன்னொரு தரவுத்தளம்) மாறினால் இந்தத் தலையிடி இல்லையே?

கல்லடிவாசி:
உண்மை. அங்கே சேர்ச், சம் இரண்டும் டெலிகேட் ஆகும்; கூட்டலுக்கு மட்டும் 50,000 வரிசை என்று எல்லை உண்டு. ஆனால் பிரீமியம் (கூடுதல் கட்டண) உரிமம் வேண்டும். ஓர் ஆலைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

நெல்லுக்கணக்கு:
வரம்பை 1 ஆக்கிப் பார்த்தேன் அண்ணா. பெயர்த் தேடல் படுத்துவிட்டது, இலக்கத் தேடல் வேலை செய்கிறது. ஒரு சிக்கல்: சிலர் 12 இலக்கப் புதிய அட்டையோடு வருகிறார்கள், எங்கள் பதிவில் பழைய இலக்கம் இருக்கிறது.

கல்லடிவாசி:
எல்லாவற்றையும் 12 இலக்கமாகவே சேமியுங்கள். பழையதன் முன்னால் 19 போட்டு, அதன் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை நீக்க வேண்டும். 651234567V என்பது 196512304567 ஆகும். பதியும் இடத்திலேயே இந்த மாற்றத்தைச் சூத்திரமாக எழுதிவிடுங்கள். தராசடியில் நிற்பவர் எந்த அட்டையைப் பார்த்து அடித்தாலும் ஒரே ஆள் ஒரே இலக்கத்தில் விழுவார். பழைய பதிவுகளை எக்செலில் இறக்கி இரவில் மாற்றுங்கள், பகலில் தொடவேண்டாம்.