புதுப்பிப்பு: புது பெயின்ட் அடித்த பழைய வீட்டில் ஓதம் பார்ப்பது

பழைய வீடு வாங்கும் முன் சுவர் ஓதத்தை, அதாவது சுவரில் ஊறும் ஈரத்தை, கவனிக்கச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். விற்பவர் புதிதாக பெயின்ட் அடித்துக் கறையை மறைத்து வைத்திருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். அதற்கான பதில் இது.

45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துகள் இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் என்றால் அறைக்காற்றின் ஈரம்தான்.

தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை உப்புப் பூத்திருந்தால் அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு கெட்டிருக்கலாம். இதைச் சரிசெய்வது பெரிய செலவு. விலை பேசும்போதே சொல்லுங்கள். மேலிருந்து இறங்கும் கறைக்கு மொட்டை மாடியையும், பாத்ரூமை ஒட்டிய கறைக்குக் குழாயையும் பாருங்கள்.

சீலிங்கை ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் பூச்சு விட்டிருக்கிறது. கூடவே துருக்கறையும் நேர்க்கோட்டு விரிசலும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது. கடற்கரை ஊர்களில் இது அதிகம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் (கட்டட உறுதியைச் சோதிப்பவர்) பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.